உலகம் சுற்றக் கிளம்ப நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதக்கணக்கில் உலகம் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. விசா, பணம் என்று ஆரம்பிக்கும் பேச்சு கொஞ்ச நேரத்தில் "மனசு ஒரு முடிவுக்கு வரமாட்டேங்குது" என்பதில் வந்து நின்றுவிடும். அதனால் மனசைப் பற்றிய கேள்விகளை முன்னால் வைத்து, நடைமுறைக் கேள்விகளைப் பின்னால் வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

பதில்கள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியவை. விசா விதிகள் அடிக்கடி மாறும். டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு நாள் போனா அதை நீண்ட பயணம்னு சொல்லலாம்?

இதற்கு யாரும் கணக்கு வகுத்து வைக்கவில்லை. திரும்பி வரும் தேதி உங்கள் ஒவ்வொரு நாளையும் விரட்டாத அளவுக்கு நேரம் கையில் இருந்தால் அதை நீண்ட பயணம் என்பேன். பலருக்கு மூன்று மாதத்தைத் தாண்டும்போது அந்த நிலை வருகிறது. பத்து நாள் சுற்றுலாவில் ஓர் ஊர் எவ்வளவு பிடித்துப்போனாலும் மறுநாள் காலை பஸ் ஏறியாக வேண்டும். நீண்ட பயணத்தில் அங்கேயே இரண்டு வாரம் தங்கி, மளிகைக் கடைக்காரருக்கு உங்கள் முகம் பழகும்வரை இருக்கலாம்.

யூடியூப்ல வீடியோ பார்க்கிறப்போ உடனே கிளம்பணும்னு தோணுது. ரெண்டு நாள்ல அந்த வேகம் போயிடுது. எனக்கு உண்மையிலேயே ஆர்வம் இல்லையா?

ஆர்வம் இருக்கிறது, பிடித்துக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. வீடியோவில் நீங்கள் பார்ப்பது இன்னொருவர் போய் முடித்துவிட்ட பயணம். அவர் ஏறிய மலை, அவர் சாப்பிட்ட சாப்பாடு. பார்த்து முடிக்கும்போதே பாதி திருப்தி வந்துவிடுகிறது. நீங்களாகத் தேடிப் போக அதில் எதுவும் மிச்சம் இருப்பதில்லை.

சதீஷ் குமார், இ. பி. மேனன் என்ற இரண்டு இளைஞர்கள் பெங்களூரில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். அணுகுண்டுக்கு எதிராகப் போராடிய பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை 89 வயதில் சிறையில் அடைத்த செய்தி அதில் இருந்தது. இந்த வயதில் அவர் சிறைக்குப் போகிறார், நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. 1962 ஜூனில் டெல்லி ராஜ்காட்டிலிருந்து நடக்க ஆரம்பித்தார்கள். மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் என்று அன்றைய நான்கு அணு ஆயுத நாடுகளின் தலைநகரங்களுக்கும் போனார்கள். வினோபா பாவே சொன்ன ஆலோசனைப்படி கையில் பணம் எடுத்துக்கொள்ளவில்லை. கடல்களை மட்டும் கப்பலில் கடந்தார்கள். மொத்தம் சுமார் 8,000 மைல்.

வெறுமனே உலகம் பார்க்கும் ஆசை அவ்வளவு தூரம் நடக்கவைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. போய்ச் சேர்க்க வேண்டிய சேதி ஒன்று அவர்களிடம் இருந்தது. உலகம் முழுக்க என்பது ஆசைப்படுவதற்கு ரொம்பப் பெரிய விஷயம். உங்களை விடாமல் அரிக்கும் ஒரே ஒரு கேள்வி போதும், கிளம்பும் வேகம் காலில் தானாக வந்து சேரும்.

அப்படி எதைப் பிடிச்சுக்கிட்டு கிளம்புறது? ஒரு உதாரணம் சொல்லுங்க.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்தையே சொல்கிறேன், கொஞ்சம் நீளும். தமிழ் எழுத்து உலகத்தில் எங்கெல்லாம் கிடைத்திருக்கிறது என்று ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். முதல் புள்ளி பக்கத்திலேயே, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ காலத்தில், இலங்கையின் காலி நகரில் நிறுத்துவதற்காகக் கொண்டுவந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறது, அதிலுள்ள ஆண்டு 1409. அடுத்து இந்தோனேசியா: சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவுடையது. தாய்லாந்தில் கிராபிக்குப் பக்கம் குவான் லுக் பாட் என்ற இடத்தில், பெரும்பத்தன் என்ற பொற்கொல்லரின் உரைகல், தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழ் பிராமியோடு கிடைத்திருக்கிறது.

அங்கிருந்து சீனாவின் சுவான்சௌ. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், அங்கே நம் வணிகர்கள் கட்டிய சிவன் கோயிலின் சிற்பங்களும் கிடைத்த துறைமுகம் அது. அந்தக் கோயிலுடையவை என்று சொல்லப்படும் தூண்கள் இன்று அங்குள்ள புத்த கோயிலில் நிற்கின்றன. மேற்கே போனால் எகிப்தின் செங்கடல் கரை. பெரனிகே, குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகங்களில் தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. பெரனிகேயில் ஒரு கோயில் வளாகத்தில் இந்தியச் சாடி நிறைய ஏழு கிலோவுக்கு மேல் மிளகு இருந்தது. கடைசிப் புள்ளி நியூசிலாந்தின் வெலிங்டனில், தே பாபா அருங்காட்சியகத்தில். முகையதீன் பக்ஷ் என்பவரின் கப்பல் மணி, தமிழ் எழுத்து பொறித்த வெண்கலம். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி அதைப் பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். எப்படி அங்கே போனது என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்தப் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் கிட்டத்தட்ட ஒரு வருடப் பாதை கையில் வந்துவிடும். அடுத்து எங்கே போவது என்ற குழப்பமும் இருக்காது.

எனக்கு கல்வெட்டு, வரலாறு எல்லாம் தூக்கம் வரும். அப்போ?

உங்கள் தொழிலிலோ பொழுதுபோக்கிலோ தேடுங்கள். நெசவு தெரிந்தவர் என்றால், சென்னைப் பக்கத்து கட்டம்போட்ட கைத்தறித் துணி நைஜீரியாவின் கலபாரி மக்களிடம் போய், அவர்கள் அதில் சில நூல்களை மட்டும் வெட்டி உருவி வேறு வடிவம் ஆக்குகிற கதையைத் தொடரலாம். சமையலில் ஆர்வம் என்றால், நம் சமையலறையின் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அவை பிறந்த மண்ணில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்க்க மெக்சிகோவும் பெருவும் போகலாம்.

குடும்பக் கதையும் நல்ல ஆரம்பம். "எங்க பாட்டியோட அண்ணன் கப்பலேறிப் போனவர், திரும்பி வரவே இல்லை" என்று பல வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய ஆப்ரவாசி காட் இப்போது உலகப் பாரம்பரியச் சின்னம். அந்த நாட்டில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகள் ட்ரூரோ என்ற கப்பலில் சென்னையிலிருந்து 1860 நவம்பரில் போய் இறங்கியவர்கள். பெயரும் ஊரும் எழுதிய பழைய பதிவுகளை அங்கே தேடலாம்.

நம்ம பக்கத்துல இருந்து யாராவது இப்படிப் போயிருக்காங்களா?

ஏ. கே. செட்டியாரைத் தெரிந்துகொள்ளுங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-இல் பிறந்தவர். ஜப்பானிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து போகும் கப்பலில் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அப்போது வயது இருபத்தைந்தோ இருபத்தாறோதான். அதற்கடுத்த மூன்று ஆண்டுகளில், உலகமே போரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சமயத்தில், எங்கெங்கோ யார் யாரிடமோ சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி நான்கு கண்டங்களில் சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்தார். 1940-இல் படம் வெளிவந்தது. முந்தைய பதில்களில் நான் சொல்லவந்தது அத்தனையும் இவரிடம் இருக்கிறது.

பம்பாயிலிருந்து 1923 அக்டோபரில் ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் கிளம்பினார்கள். அதில் மூன்று பேர் 1928 மார்ச்சில் சுமார் 71,000 கிலோமீட்டர் ஓட்டி முடித்து ஊர் திரும்பினார்கள்: ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா. மீதி மூவர் என்ன ஆனார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது.

அவங்க எல்லாம் வசதியும் தொடர்பும் இருந்தவங்க. சாதாரணக் கடை வச்சிருக்கிறவங்க போக முடியுமா?

கொச்சியில் சிறிய தேநீர்க் கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடை வருமானத்தில் தினம் 300 ரூபாய் எடுத்துவைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, போய்வந்து கடனை அடைத்து, அடுத்த பயணத்துக்குத் தயாராவார்கள். 2007-இல் வெளிநாடு போக ஆரம்பித்து 26 நாடுகள் பார்த்தார்கள். 2021-இல் ரஷ்யா போய்வந்த சில வாரங்களில், 71 வயதில், விஜயன் காலமானார்.

அவர்கள் போனது பெரும்பாலும் குழுச் சுற்றுலா, ஒரே மூச்சில் நீண்ட பயணம் இல்லை. ஆனாலும் கடைச் சுவரில் உலக வரைபடம் மாட்டி வாடிக்கையாளர்களோடு அடுத்த நாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே டீ ஆற்றிய அந்த வாழ்க்கையில் பயணம் வருடம் முழுக்க இருந்தது. கடன் வாங்கிப் போவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குத் தினம் வருமானம் தரும் கடை இருந்தது. வேலையை விட்டுவிட்டுக் கிளம்புகிறவருக்கு வட்டி பெரிய சுமை.

சரி, எவ்வளவு பணம் வேணும்னு நேரா சொல்லுங்க.

தென்கிழக்கு ஆசியாவில் நிதானமாகப் போகும் ஒருவருக்கு, பலர் சேர்ந்து தங்கும் ஹாஸ்டல் படுக்கை, தெருக்கடைச் சாப்பாடு, பஸ், ரயில் என்று மாதம் 50,000 முதல் 70,000 ரூபாய் வரை என்பது என் கணிப்பு. விமான டிக்கெட் தனி. மேற்கு ஐரோப்பாவில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். நேபாளத்தில் இன்னும் குறைத்துக்கொள்ளலாம்.

செலவை ஏற்றுவது நாடு மட்டுமில்லை, வேகமும்தான். மூன்று நாளுக்கு ஓர் ஊர் மாறினால் பயணக் கட்டணமும் தினசரி அறை வாடகையும் சேர்ந்து பையைக் காலி செய்யும். ஒரே இடத்தில் மாதம் தங்கினால் மாத வாடகைக்கு அறை கிடைக்கும், நீங்களே சமைக்கலாம். இதற்கு மேல் இரண்டு தொகைகளைத் தனியாக வைத்துவிடுங்கள், எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்: எந்த நாட்டிலிருந்தும் உடனே வீடு திரும்ப விமான டிக்கெட் பணம், திரும்பியபின் வேலை கிடைக்கும்வரை ஆறு மாதச் செலவு. இரண்டாவதை வைக்காமல் கிளம்புகிறவர்களுக்குப் பயணத்தின் பின்பாதி முழுக்கக் கவலையிலேயே போகும்.

நம்ம பாஸ்போர்ட்டுக்கு எங்கயும் விசா கிடைக்காதாமே?

கஷ்டம் என்பது உண்மை, முடியாது என்பது உண்மை இல்லை. நேபாளத்துக்கும் பூடானுக்கும் விசா வேண்டாம், வாக்காளர் அட்டைகூடப் போதும். பூடானில் மட்டும் இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு. வியட்நாம் இணையத்திலேயே 90 நாள் விசா தருகிறது. இந்தோனேசியாவில் விமான நிலையத்தில் இறங்கியதும் 30 நாள் விசா வாங்கி, அங்கேயே இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். ஆறு மாதப் பயணத்தை இந்தப் பக்கத்திலேயே தாராளமாக முடிக்கலாம்.

ஐரோப்பாவுக்குக் கணக்கு வேறு. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதியின் 29 நாடுகளும் சேர்த்து, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் சுற்றுலா விசாவில் இருக்கக் கூடாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். பொதுவாக நீங்கள் குடியிருக்கும் நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க முடியும், பயண நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன் விண்ணப்பிக்கவும் முடியாது. அதனால் ஐரோப்பா உங்கள் பாதையில் இருந்தால் அதை முதலில் வையுங்கள். எட்டு மாதம் ஆசியாவில் சுற்றியபின் பாங்காக்கில் உட்கார்ந்து ஷெங்கன் விசா வாங்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஒரு பெரிய விசா பல சின்னக் கதவுகளைத் திறக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். அமெரிக்க, பிரிட்டன் அல்லது ஷெங்கன் விசா இருந்தால் துருக்கிக்கு இணைய விசா எடுக்கலாம். முதலில் சின்னப் பயணங்கள் போய் நேரத்துக்குத் திரும்பி வந்த முத்திரைகள் பாஸ்போர்ட்டில் இருந்தால், பெரிய விசா கேட்கும்போது உதவும். கூடவே, புதிதாக எடுக்கும்போது 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குப் பதில் 60 பக்கம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

வேலையை விட்டுட்டுத்தான் போகணுமா?

முதலில் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். பலர் கேட்காமலேயே ராஜினாமா எழுதிவிடுகிறார்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் நீண்ட விடுப்புக்கு விதி இருக்கும், யாரும் படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

போகிற நாட்டிலேயே வேலை செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. சுற்றுலா விசாவில் முடியாது. தங்க இடமும் சாப்பாடும் வாங்கிக்கொண்டு பண்ணையில் உதவுவதையும் பல நாடுகள் வேலையாகவே பார்க்கின்றன. சட்டப்படி வழி வேண்டுமென்றால் 18 முதல் 30 வயது வரை உள்ள இந்தியர்களுக்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. பிரிட்டனின் இளம் தொழில்முறையாளர் திட்டத்தில் பட்டதாரிகள் இரண்டு ஆண்டு அங்கே வாழ்ந்து வேலை செய்யலாம். ஆஸ்திரேலியா 2024 முதல் இந்தியர்களுக்கும் ஒரு வருட வேலை-விடுமுறை விசா தருகிறது, ஆண்டுக்கு 1,000 பேருக்கு. இரண்டுமே குலுக்கல்தான். குலுக்கலில் சேரக் கட்டணம் அதிகமில்லை, பெயர் போட்டுவையுங்கள்.

வீட்டுல விடமாட்டாங்க. எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?

அம்மா அப்பாவின் எதிர்ப்பைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பாதுகாப்பு, பணம், கல்யாணம், ஊர் என்ன சொல்லும் என்ற நாலு பயம் அதில் கலந்திருக்கும். "நான் போகத்தான் போறேன்" என்ற ஒரே பதில் இந்த நாலில் எதையும் தொடாது. பணத்துக்கு, மேலே சொன்ன தொடாத தொகையை வங்கிக் கணக்கில் காட்டுங்கள். பாதுகாப்புக்கு, பாதையையும் காப்பீட்டுத் தாளையும் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள், வாரத்தில் எந்த நாள் கூப்பிடுவீர்கள் என்று சொல்லி அதைத் தவறவிடாதீர்கள்.

பேச்சை விட, முன்னால் போய்வந்த பயணங்கள்தான் வீட்டை அசைக்கும். மூன்று வாரம் தனியாகப் போய் நல்லபடியாகத் திரும்பிய பிள்ளை மூன்று மாதம் கேட்டால் வீடு யோசிக்கும். எங்கும் போகாத பிள்ளை திடீரென்று ஒரு வருடம் கேட்டால் பயப்படத்தான் செய்வார்கள். அவர்கள் மேல் கோபப்பட எனக்குத் தோன்றவில்லை.

பொண்ணு தனியா போகலாமா?

போகலாம், போய்க்கொண்டிருக்கிறார்கள். அயர்லாந்தின் டெர்வ்லா மர்பிக்குப் பத்தாவது பிறந்தநாளில் ஒரு சைக்கிளும் ஓர் உலக வரைபடப் புத்தகமும் கிடைத்தன. இந்தியாவுக்குச் சைக்கிளில் போக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தார். நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்ள பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர், அம்மா இறந்தபின் 1963 ஜனவரியில், 31 வயதில், கிளம்பினார். ஐரோப்பாவின் கடும் பனிக்காலத்தைத் தாண்டி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக அதே ஆண்டு ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தார். இருபது வருடம் ஒரு ஆசை காத்திருந்தும் சாகவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வரும்.

நடைமுறையில்: புதிய ஊருக்குப் பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள், முதல் இரண்டு இரவுக்கு அறை முன்கூட்டியே எடுங்கள், பெண்களுக்கு மட்டுமான அறையுள்ள ஹாஸ்டல் தேடுங்கள். முதல் நாடாக வியட்நாம், தாய்லாந்து போன்ற, தனியாகப் பயணிக்கும் பெண்கள் நிறையப் பேர் வரும் நாட்டை வைத்தால் துணையும் தகவலும் எளிதில் கிடைக்கும். ஏதோ சரியில்லை என்று மனசு சொன்னால் மரியாதை பார்க்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

குழந்தை பிறந்துடுச்சு. இனிமே அவ்வளவுதானா?

அதே டெர்வ்லா மர்பி, ஐந்தே வயதான மகள் ரேச்சலோடு 1973-இல் தென்னிந்தியா வந்து குடகில் சில வாரங்கள் தங்கினார். தனியாக மகளை வளர்த்தவர் அவர். பள்ளி சேரும் முன்னுள்ள வயது நீண்ட பயணத்துக்கு வசதியானது. வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும், மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் கோடை விடுமுறை இரண்டு மாதமும் ஒரே நாட்டில் இருந்து பாருங்கள்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. உடம்பு தாங்குமா?

விஜயன் முதல்முதலாக வெளிநாடு போனபோது அவருக்கும் கிட்டத்தட்ட இதே வயதுதான். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, மருந்தின் வேதிப் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம்மூர் பிராண்ட் பெயர் வெளிநாட்டுக் கடையில் புரியாது. காப்பீடு எடுக்கும்போது இருக்கிற நோயை மறைக்காதீர்கள், மறைத்தால் பணம் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்ட சான்று ஆயுளுக்கும் செல்லும். சான்று இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் நம்முடைய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்த அனுப்பிவிடுவார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் இந்த ஊசியை மருத்துவரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இங்கிலீஷ் சரியா வராது. சைவம் வேற. சமாளிக்க முடியுமா?

போகிற பல நாடுகளில் அவர்களுக்கும் ஆங்கிலம் வராது, அதனால் அந்தக் கவலையை விடுங்கள். போனில் மொழிபெயர்ப்புச் செயலி, அந்த மொழியில் வணக்கம், நன்றி, எவ்வளவு என்ற மூன்று சொல், கையில் ஒரு சின்ன நோட்டு போதும். சைவத்துக்கு, வியட்நாமில் "சாய்" என்று பலகை போட்ட கடைகள், தாய்லாந்தில் "ஜே" என்ற மஞ்சள் கொடி போட்ட கடைகள் இரண்டிலும் புத்த மரபுச் சைவம் கிடைக்கும். மற்ற இடங்களில் சமையலறை உள்ள தங்குமிடம் பாருங்கள்.

இந்த வாழ்க்கை எனக்கு ஒத்துவருமான்னு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

இருக்கிறது, இதைச் செய்யாமல் வேலையை விட வேண்டாம் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். நமக்கு மொழி தெரியாத இந்தியாவுக்குள் ஒரு மாதம் போய் இருங்கள். நாகாலாந்து, மிசோரம், அருணாசலப் பிரதேசம் நல்ல தேர்வுகள். அங்கே நுழைய உள்நாட்டு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். விண்ணப்பம் போட்டு, தேதி பார்த்து, எல்லையில் காட்டி நுழைவது விசாவுக்கு நல்ல ஒத்திகை. சாப்பாடு வேறு, முகங்கள் வேறு, நீங்கள் வெளியாள். இரண்டாவது வாரம் உங்களுக்கு வீட்டுக்குப் போகத் தோன்றுகிறதா, இன்னும் ஒரு பள்ளத்தாக்கு தாண்டிப் பார்க்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள்.

நாடு தாண்டிப் பார்க்க வேண்டுமென்றால் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது. பருவநிலை மோசமானால் நிறுத்திவிடுவார்கள், அதனால் விசாரித்துக்கொண்டு போங்கள். விமானத்தில் ஏறி இறங்குவதை விட, கரை மறைந்து இன்னொரு கரை தெரிவதைப் பார்ப்பது நீண்ட பயணத்தின் சுவையைச் சரியாகக் காட்டும்.

கிளம்பின மூணாவது மாசம் எதைப் பார்த்தாலும் சலிப்பா இருக்குன்னு என் ஃப்ரெண்டு சொல்றான். எனக்கும் அப்படி வந்தா?

வரும். அநேகமாக எல்லோருக்கும் வரும். இன்னொரு கோயில், இன்னொரு அருவி என்று மனசு மரத்துப்போகும். அந்த நேரத்தில் வேகமாக அடுத்த நாட்டுக்கு ஓடாதீர்கள். ஒரு சின்ன ஊரில் மாத வாடகைக்கு அறை எடுங்கள், காலையில் ஒரே கடையில் டீ குடியுங்கள், ஏதாவது கற்றுக்கொள்ளும் வகுப்பில் சேருங்கள். செலவுக் கேள்வியில் சொன்னதுபோல இது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

சலிப்பு ஒரு மாதம் தங்கியும் போகவில்லை என்றால், நீங்கள் பிடித்துக்கொண்டு வந்த கேள்வி தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். தீர்ந்திருந்தால் வீடு திரும்புவதில் தப்பே இல்லை. தீரவில்லை, ஆனால் வேறொன்று முளைத்திருக்கிறது என்றால் பாதையை மாற்றுங்கள். இபன் பதூதா 1325-இல், 21 வயதில், மொராக்கோவின் டாஞ்சியரிலிருந்து ஹஜ்ஜுக்காகத்தான் கிளம்பினார். மதுரை சுல்தான் அவை வரை வந்து, அதற்கும் அப்பால் போய், கிட்டத்தட்ட முப்பது வருடம் சுற்றினார்.

பாதியில திரும்பி வந்தா ஊர் சிரிக்காதா?

முன்னால் சொன்ன ஆறு சைக்கிள்காரர்களில் ஒருவர் டெஹ்ரானிலிருந்தே சொந்தக் காரணத்துக்காகத் திரும்பிவிட்டார். இருவருக்கு அமெரிக்கா பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். நூறு வருடம் கழித்து அந்த மூவரையும் சேர்த்து ஆறு பேர் என்றுதான் சொல்கிறோம். டெஹ்ரான் வரை சைக்கிள் ஓட்டியவரைப் பார்த்துச் சிரிக்கிறவர் எவ்வளவு தூரம் ஓட்டியிருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது "உலகம் சுற்றப் போறேன்" என்று அறிவிக்காமல் "ஆறு மாசம் இந்தோனேசியாப் பக்கம் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால் இந்தப் பயமே வராது. நீண்டால் நீளட்டும்.

உண்மையைச் சொல்றேன், எனக்கு இங்க இருக்கப் பிடிக்கலை. அதுல இருந்து தப்பிக்கத்தான் போகணும்னு நினைக்கிறேன். அது தப்பா?

தப்பில்லை. வேலை அழுத்தமோ, ஓர் உறவு முறிந்ததோ, மூச்சு முட்டும் வீடோ, கொஞ்ச நாள் விலகி இருந்தால் தெளிவு கிடைப்பது உண்டு. ஆனால் மாதக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தெரியாத ஊரில், தெரியாத மொழியில், தனியாக இருக்கும்போது அந்தப் பாரம் அதிகமாகும். உதவி கேட்க ஆளும் இருக்காது. அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது. தெளிந்தபின் கிளம்புங்கள், பயணம் எங்கும் போய்விடாது.

உடல்நிலை, மனநிலை சரியாகத்தான் இருக்கிறது, இந்த வேலைதான் பிடிக்கவில்லை என்றால், திரும்பி வந்தும் அதே வேலைக்குத்தான் போகப் போகிறீர்களா என்று கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

திரும்பி வந்தா வேலை கிடைக்குமா? ரெஸ்யூமேல ஒரு வருஷம் காலியா இருக்குமே?

காலியாக விடாதீர்கள். "2025–26: நீண்ட பயணம்" என்று ஒரு வரி போட்டு, எதைத் தேடிப் போனீர்கள் என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள். நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். "சும்மா சுத்திப் பார்த்தேன்" என்பவரும், "கட்டம்போட்ட துணி எங்கெல்லாம் போச்சுன்னு தேடி நைஜீரியா வரைக்கும் போனேன்" என்பவரும் ஒரே மாதிரித் தெரிய மாட்டார்கள். தொழில்நுட்ப வேலையில் இருப்பவர்கள் கடைசி இரண்டு மாதம் பயணத்தின் நடுவிலேயே தினம் இரண்டு மணி நேரம் படிக்க ஒதுக்குங்கள், மாத வாடகை அறை அதற்கு வசதி.

திரும்பும் தேதிக்கு ஆறு வாரம் முன்பே பழைய மேலாளருக்கும் கூட வேலை பார்த்தவர்களுக்கும் எழுத ஆரம்பியுங்கள். வேலையை விடும்போது நல்லபடியாகப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தக் கடிதங்கள் பெரும்பாலும் பலன் தருகின்றன. அப்படியும் மூன்று, நான்கு மாதம் ஆகலாம். அதற்குத்தான் ஆறு மாதச் செலவுப் பணத்தைத் தொடாமல் வைக்கச் சொன்னேன்.